முகத்தில் பலத்த அடிபட்ட பூனையைத் தேற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் செவலை போன மார்கழியில், புறாவைப் பிடிக்கத் தாவி, வடசென்னை தண்டையார்பேட்டை ஹவுசிங் போர்டு வீட்டின் மூன்றாம் மாடியிலிருந்து விழுந்தான். கீழ்த்தாடை நடுவில் இரண்டாகப் பிளந்துவிட்டது. மேலண்ணத்தில் விரிசல். மோவாய்த் தோல் உரிந்து தொங்கியது. வலது கண் வெளியே பிதுங்கியிருந்தது. இப்போது ஒற்றைக் கண்ணோடு நன்றாக இருக்கிறான். அவனைப் பார்த்துவிட்டு ராயபுரம், கொருக்குப்பேட்டை, திருவொற்றியூர் என்று எங்கெங்கிருந்தோ போன் செய்கிறார்கள். பெரும்பாலும் ராத்திரியில், அழுதுகொண்டே. கேள்விகள் திரும்பத் திரும்ப ஒன்றாகவே இருப்பதால் எழுதி வைக்கிறேன். நான் டாக்டர் இல்லை. டாக்டர்கள் எனக்குச் சொன்னதையும், இரண்டு மாதம் அவன் பக்கத்தில் உட்கார்ந்து நான் தெரிந்துகொண்டதையும்தான் சொல்கிறேன்.

அக்கா, இப்பதான் அடிபட்டிருக்கு, வாயெல்லாம் ரத்தம். முதல்ல என்ன பண்ணணும்?

மூச்சைப் பாருங்கள். முகம் கோரமாக இருக்கும், கண் அங்கேயே போகும், ஆனால் மாடியிலிருந்து விழுந்த பூனைக்கும் வண்டி மோதிய பூனைக்கும் நெஞ்சிலும் அடி இருக்கலாம். பூனை வாயைத் திறந்து நாய் மாதிரி மூச்சு வாங்கினால், அல்லது ஈறு வெளுத்தோ நீலம் பாய்ந்தோ இருந்தால், வேறு எதுவும் செய்யாமல் அப்படியே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

ரத்தம் வழிகிற இடத்தில் சுத்தமான பருத்தித் துணியை வைத்து ஐந்து நிமிடம் மெதுவாக அழுத்துங்கள். நின்றுவிட்டதா என்று நடுவில் எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள், உறைந்த ரத்தம் பிய்ந்து மறுபடி வழியும். மூக்கு ரத்தத்தில் அடைத்திருந்தால் அது வாயால்தான் மூச்சுவிட முடியும். அதனால் கடிக்கும் என்று பயந்து வாயைக் கட்டிவிடாதீர்கள். தண்ணீரோ பாலோ ஊற்றவும் வேண்டாம், நுரையீரலுக்குள் போய்விடும்.

கண் பிதுங்கியிருந்தால் உள்ளே தள்ள முயலக் கூடாது. கொதித்து ஆறிய உப்புத் தண்ணீரில் நனைத்த துணியை மேலே வைத்து, காயாமல் கொண்டுபோங்கள். அரை லிட்டர் தண்ணீருக்கு ஒரு சின்ன ஸ்பூன் உப்பு போதும்.

தூக்கும்போது பிடரியைப் பிடிக்காதீர்கள். பெரிய டவலை மேலே போட்டு, உடம்போடு சேர்த்துச் சுற்றி, முகம் எதிலும் படாமல் எடுங்கள். பூனைக் கூடை இல்லையென்றால் மூடியுள்ள அழுக்குத்துணிக் கூடை போதும். நாங்கள் அதில்தான் கொண்டுபோனோம்.

எங்கே கொண்டுபோவது?

நமக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி பக்கம். 1903-ல் தொடங்கிய கல்லூரி அது. எக்ஸ்ரே, மயக்க மருந்து, கண், எலும்பு எல்லாவற்றுக்கும் ஒரே வளாகத்தில் ஆள் இருக்கிறார்கள். மாதவரம் பால் பண்ணைப் பகுதியில் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் இன்னொரு மருத்துவமனையும் உண்டு. பகலில் போவதென்றால் காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு வாங்கிவிடுங்கள், கூட்டம் அதிகம். இரவென்றால், எந்த ஆஸ்பத்திரியாக இருந்தாலும், ஆட்டோ ஏறும் முன் போனில் கேட்டுக்கொள்ளுங்கள். மூடிய கதவுக்கு முன்னால் அரை மணி நேரம் போவது அடிபட்ட பூனைக்குப் பெரிய நஷ்டம்.

நாங்கள் முதலில் போன ஒரு சின்ன கிளினிக்கில் முகத்தைத் துடைத்து, ஒரு ஊசி போட்டு, "ரெண்டு நாள்ல சரியாயிடும்" என்று அனுப்பிவிட்டார்கள். தாடையைத் தொட்டே பார்க்கவில்லை. அதனால் சொல்கிறேன்: விழுந்த பூனையானால் நெஞ்சுக்கு எக்ஸ்ரே, தாடையைப் பரிசோதிப்பது, மூத்திரம் போகிறதா என்று பார்ப்பது, இந்த மூன்றையும் நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள். விழுந்த வேகத்தில் மூத்திரப்பை கிழிந்திருக்கவும் வாய்ப்பு உண்டு. ஒரு நாள் முழுக்க மூத்திரம் போகவில்லையென்றால் உடனே மறுபடி கொண்டுபோக வேண்டும்.

வலியில் துடிக்கிறது. கால் மாத்திரை பாராசிட்டமால் கொடுக்கலாமா?

கூடவே கூடாது. கால் மாத்திரையும் கூடாது, குழந்தைகளுக்கான சிரப்பும் கூடாது. பாராசிட்டமாலைச் சிதைத்து வெளியேற்றுகிற சக்தி பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றே ஒன்று ஒரு பூனையைக் கொல்லப் போதும். ரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் போய், ஈறு பழுப்பாகும், முகமும் பாதமும் வீங்கும். அடிபட்ட பூனைக்கு முகம் ஏற்கெனவே வீங்கித்தான் இருக்கும் என்பதால் வீட்டில் யாருக்கும் சந்தேகம் வராது, அதுதான் கொடுமை. டோலோ, கால்பால், குரோசின் எல்லாமே பாராசிட்டமால்தான். புரூஃபன், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் ஆகியவையும் ஆபத்து.

ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்களா? மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள், எத்தனை மணிக்கு, எவ்வளவு என்று. மாற்று மருந்து உண்டு. ஆனால் சில மணி நேரத்துக்குள் போயாக வேண்டும்.

பூனைக்கு வலி ஊசியே இல்லை என்று சிலர் நினைக்கிறார்கள். இருக்கிறது, நன்றாகவே வேலை செய்கிறது, கேட்டு வாங்குங்கள். பூனை வலியைக் கத்திச் சொல்லாது. கட்டிலுக்கடியில் ஒடுங்கும், கண்ணை இடுக்கும், நக்கிச் சுத்தம் செய்துகொள்வதை நிறுத்தும். குர்குர் என்று சத்தம் வந்தால் சந்தோஷமாக இருக்கிறது என்றும் எடுத்துக்கொள்ள முடியாது. வலியிலும் அந்தச் சத்தம் வரும். செவலை ஆபரேஷன் மேசையில் அப்படித்தான் சத்தமிட்டுக்கொண்டிருந்தான்.

காயத்துக்கு டெட்டால் போடலாமா? மஞ்சள்?

டெட்டால் பூனைக்கு விஷம், நக்கி உள்ளே போகும். மஞ்சள் அப்பினால் காயத்தில் அழுக்கு சேர்ந்து, தையல் எப்படி இருக்கிறது என்றே தெரியாது. நுரைக்கிற பெராக்சைடும் வேண்டாம். மேலே சொன்ன உப்புத் தண்ணீரில் பஞ்சை நனைத்து ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். மீதியை டாக்டர் கொடுத்த மருந்து பார்த்துக்கொள்ளும். முகத்தில் ரத்த ஓட்டம் அதிகம் என்பதால் பூனையின் முகக் காயம் வேகமாக ஆறும். உரிந்து தொங்கிய மோவாய்த் தோலை அன்றே தைத்தார்கள், இரண்டே வாரத்தில் ஒட்டிக்கொண்டது.

தாடையில் கம்பி போட வேண்டும் என்கிறார்கள். பயமாக இருக்கிறது.

பூனையின் கீழ்த்தாடை இரண்டு எலும்பு. நடுவில், முன்பற்களுக்குக் கீழே, அவை சேர்கிற இடம் இறுகிய எலும்பாக இருக்காது. மோதினால் முதலில் பிளப்பது அங்கேதான், பூனைகளிடம் அதிகம் பார்க்கிற தாடை அடி இதுவே. மயக்க மருந்து கொடுத்து, கோரைப் பற்களுக்குப் பின்னால் மெல்லிய கம்பியைச் சுற்றி இறுக்குகிறார்கள். மோவாய்க்கடியில் முடிச்சு முனை சின்னதாகத் தெரியும். ஆறு முதல் எட்டு வாரத்தில் எடுத்துவிடுவார்கள். அதுவரை கெட்டி உணவு, கடித்து விளையாடும் பொம்மை, எலும்பு எதுவும் கிடையாது.

மேலண்ண விரிசல் சின்னதாக இருந்தால் சில வாரங்களில் தானே கூடிவிடும். சாப்பிட்டது மூக்கு வழியாக வந்தால் கூடவில்லை என்று அர்த்தம், தைக்க வேண்டியிருக்கும்.

ஆபரேஷன் நல்லா முடிஞ்சுது, ஆனா ரெண்டு நாளா ஒண்ணும் சாப்பிடலை. பசிச்சா சாப்பிடும்தானே?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதில்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். பசித்தால் சாப்பிடும் என்பது பூனைக்குப் பொருந்தாது. இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தாலே உடம்புக் கொழுப்பு கரைந்து கல்லீரலில் வந்து குவிய ஆரம்பிக்கும். கல்லீரல் திணறினால் குமட்டல் வரும், குமட்டலில் இன்னும் சாப்பிடாது. குண்டான பூனைக்கு இந்த ஆபத்து அதிகம். தையல் அழகாக ஆறிக்கொண்டிருக்கும்போதே பட்டினியில் செத்துப்போன பூனையின் கதையை எனக்கு மூன்று பேர் சொல்லியிருக்கிறார்கள்.

அதனால் முதல் நாளிலிருந்தே எவ்வளவு உள்ளே போனது என்று நோட்டில் எழுதுங்கள். நாலு கிலோ பூனை சும்மா படுத்திருக்கவே ஒரு நாளைக்குச் சுமார் 200 கலோரி வேண்டும். பட்டினி கிடந்த பூனைக்கு அதை ஒரே நாளில் திணிக்கக் கூடாது. முதல் நாள் மூன்றில் ஒரு பங்கு, இரண்டாம் நாள் மூன்றில் இரண்டு பங்கு, மூன்றாம் நாள் முழுசாக. எடையை இரண்டு நாளுக்கு ஒருமுறை பாருங்கள். காய்கறிக் கடை டிஜிட்டல் தராசில் கூடையோடு வைத்து, கூடை எடையைக் கழித்தால் சரியாக வரும். எங்கள் தெருக் கடைக்கார அண்ணன் ஒரு நாளும் முகம் சுளிக்கவில்லை.

சாப்பிடாததற்கு மூன்று காரணம் இருக்கலாம். ஒன்று வலி, மருந்து போதவில்லை என்று டாக்டரிடம் சொல்லுங்கள். இரண்டு, மூக்கடைப்பு. பூனை வாசனை பிடிக்காமல் வாய் வைக்காது. காய்ந்த ரத்தத்தை ஈரப் பஞ்சால் இளக்கித் துடையுங்கள். குளியலறையில் வெந்நீரைத் திறந்துவிட்டு, ஆவி நிறைந்ததும் பத்து நிமிடம் அதோடு உட்காருங்கள். விக்ஸ், தைலம், கற்பூரம் எதையும் பக்கத்தில் கொண்டுவராதீர்கள், பூனைக்கு அவை விஷம். மூன்றாவது, வாயில் உண்மையாகவே முடியவில்லை. அப்போது டியூப்தான் வழி.

என்ன கொடுப்பது? கடையில் விற்கும் குட்டிப் பூனைகளுக்கான ஈர உணவு நல்லது, சத்தும் கலோரியும் அதிகம். மிக்ஸியில் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு அரைத்து, உடம்புச் சூட்டுக்குக் கொடுங்கள். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து அப்படியே வைத்தால் முகர்ந்துகூடப் பார்க்காது. வீட்டுச் சாப்பாடென்றால் உப்பு, மசாலா இல்லாமல் வேகவைத்த கோழி, அல்லது முள்ளே இல்லாமல் ஆய்ந்த மீன். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் வாங்கினாலும் வேகவைத்துத்தான். சில மீன்களைப் பச்சையாகத் தொடர்ந்து கொடுத்தால் தயமின் (பி1 வைட்டமின்) சத்து அழிந்துவிடும். மீன் குழம்பிலிருந்து துண்டைக் கழுவிப் போடுவது வேண்டாம், வெங்காயமும் பூண்டும் அதன் ரத்த அணுக்களை உடைக்கும். கருவாட்டில் உப்பு அதிகம். பால்சோறு வயிற்றைக் கலக்கும், தேவையான புரதமும் அதில் இல்லை.

தாடை உடைந்த பூனைக்குச் சிரிஞ்சால் வாயில் பீய்ச்சாதீர்கள். வலிக்கும், புரையேறும், அந்தச் சாப்பாட்டையே வெறுத்துவிடும்.

கழுத்தில் டியூப் என்றால் கொடுமை இல்லையா?

நானும் அப்படித்தான் நினைத்தேன். டாக்டரம்மா சொன்னார், "வாய்க்கு லீவு குடுக்குறோம்மா, அவ்ளோதான்." கழுத்தின் பக்கவாட்டில் சின்னத் துளை போட்டு உணவுக்குழாய்க்குள் மெல்லிய டியூபை விட்டுத் தைக்கிறார்கள். பூனைக்கு அது பெரிதாக வலிப்பதில்லை. மருந்தும் அதிலேயே போய்விடும், மாத்திரைக்காக உடைந்த வாயைத் திறக்கும் போராட்டமே கிடையாது. தாடைக்கு மயக்க மருந்து கொடுக்கும்போதே இதையும் போட்டுவிடச் சொல்லிக் கேளுங்கள். அப்புறம் போடுவதென்றால் இன்னொரு மயக்கம்.

ஒவ்வொரு வேளையும் முதலில் 5 மில்லி வெதுவெதுப்பான தண்ணீர், பிறகு வடிகட்டிய உணவு, கடைசியில் மறுபடி தண்ணீர். பத்துப் பதினைந்து நிமிடம் எடுத்துக்கொண்டு மெதுவாகத் தள்ளுங்கள். எச்சில் விழுங்கினாலோ நாக்கைச் சுழற்றினாலோ குமட்டுகிறது என்று அர்த்தம், நிறுத்தி இடைவெளி விடுங்கள். இருமினால் உடனே நிறுத்துங்கள். அடைத்துக்கொண்டால் வெந்நீரை விட்டு மெதுவாக அசையுங்கள், பலம் காட்டாதீர்கள். துளையைத் தினமும் துடைத்துப் பார்க்க வேண்டும், சீழ் தெரிந்தால் டாக்டரிடம் போக வேண்டும்.

எங்கள் வீட்டில் ஐந்து வேளை, பத்தொன்பது நாள். அம்மா காலை ஷிப்ட், நான் இரவு ஷிப்ட். டியூப் இருக்கும்போதும் வாய்க்குப் பக்கத்தில் ஒரு தட்டில் கொஞ்சம் வைத்துக்கொண்டே இருந்தோம். பதினோராம் நாள் ராத்திரி, தட்டை நக்கும் சத்தம் கேட்டு எழுந்து உட்கார்ந்தேன். அம்மாவை எழுப்பவில்லை, இருட்டில் அப்படியே கேட்டுக்கொண்டிருந்தேன். தானாகப் போதுமான அளவு சாப்பிட்டு எடையும் நின்ற பிறகுதான் டியூபை எடுத்தார்கள். துளை தையல் இல்லாமல் தானே மூடிக்கொண்டது.

காயத்தில் புழு வைத்துவிட்டது!

ஈ முட்டையிட்டு ஒரு நாளிலேயே புழு வந்துவிடும். மண்ணெண்ணெய், டர்பன்டைன், கற்பூரம் ஊற்றாதீர்கள். மாட்டுக்கும் நாய்க்கும் அடிக்கிற புழு ஸ்பிரேயையும் கேட்காமல் முகத்தில் அடிக்காதீர்கள். மயக்கம் கொடுத்து ஒவ்வொன்றாக எடுப்பதுதான் முறை, அன்றைக்கே போங்கள். முன்னெச்சரிக்கையாக, காயம் ஆறும்வரை கொசுவலைக்குள் வைத்திருங்கள். நம் பக்கத்தில் மழைக்காலம் வந்தால் ஈக்குப் பஞ்சமே இல்லை.

கழுத்தில் புனல் மாதிரி மாட்டும் காலரைப் போட்டால் முட்டி மோதுகிறது. கழற்றிவிடலாமா?

நீங்கள் பக்கத்தில் கண்ணெடுக்காமல் உட்கார்ந்திருக்கும்போது மட்டும். பின்காலால் ஒரே ஒரு தடவை சொறிந்தால் தையலும் டியூபும் போய்விடும். ஒரு சின்ன அறை, அல்லது பெரிய கூண்டு. குதிக்க உயரம் எதுவும் இருக்க வேண்டாம். மலத்தட்டில் மணலுக்குப் பதில் கிழித்த செய்தித்தாள் போடுங்கள், மணல் காயத்தில் ஒட்டும். மீசை உடைந்திருந்தால் கவலை வேண்டாம், முளைத்துவிடும்.

ஒரு கண்ணை எடுத்துவிட்டார்கள். எப்படிப் பிழைக்கும்?

நன்றாகவே. கெட்டுப்போன கண் உள்ளே இருந்து கொடுக்கும் வலி பெரிது, எடுத்த மறுநாளே செவலையின் முகத்தில் இறுக்கம் தளர்ந்தது தெரிந்தது. முதல் சில வாரம் தாவும் தூரத்தைத் தப்பாகக் கணக்குப் போடுவான். கண் இல்லாத பக்கமிருந்து தொடும் முன் குரல் கொடுங்கள். இன்னொரு கண்ணில் ஏதாவது என்றால் வீட்டில் கிடக்கும் பழைய சொட்டு மருந்தைப் போடாதீர்கள். அதில் ஸ்டீராய்டு இருந்தால் கருவிழிப் புண் ஆழமாகும்.

அடியே படவில்லை, ஆனால் கன்னம் பந்து மாதிரி வீங்கியிருக்கிறது.

பெரும்பாலும் கடுவன்களின் சண்டை. பல்லின் துளை உடனே மூடிக்கொள்ளும், உள்ளே சீழ் கட்டி, இரண்டு முதல் நாலு நாளில் வீங்கும். நீங்கள் பிதுக்காதீர்கள், டாக்டர் கீறி வடிய விட்டு மருந்து கொடுப்பார். கருத்தடை செய்தால் சண்டை வெகுவாகக் குறையும். வெள்ளைப் பூனையின் மூக்கிலோ காது நுனியிலோ வாரக்கணக்கில் ஆறாத புண் இருந்தால் அது வேறு விஷயம். வெயிலால் வரும் புற்றுநோயாக இருக்கலாம், காட்டிவிடுங்கள்.

வாயில் தூண்டில் முள் மாட்டியிருக்கிறது. மாஞ்சா நூல் முகத்தை அறுத்துவிட்டது.

நம் பக்கத்துக்கே உரிய இரண்டு வேதனை. முள்ளை இழுக்காதீர்கள், கொக்கி இன்னும் கிழிக்கும். வாயிலிருந்து தூண்டில் நரம்பு (நைலான் நூல்) தொங்கினாலும் இழுக்க வேண்டாம், குட்டையாக வெட்டவும் வேண்டாம். மறுமுனை வயிற்றில் இருக்கலாம், வெளியே தெரியும் நரம்பைப் பிடித்துத்தான் டாக்டர் தேடுவார். மாஞ்சா, தடை செய்தும் இன்னும் மாடிகளில் பறக்கிறது. அறுத்த காயம் மேலே கோடு மாதிரி தெரிந்தாலும் ஆழம் அதிகம் இருக்கும்.

காப்பாற்றப் போன என்னையே கடித்துவிட்டது.

குழாயைத் திறந்துவிட்டு, சோப்பு போட்டு, 15 நிமிடம் கழுவுங்கள். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள். அன்றைக்கே ஸ்டான்லி போன்ற அரசு மருத்துவமனைக்குப் போய் வெறிநாய்க்கடி தடுப்பூசி பற்றிக் கேளுங்கள், இலவசம்தான். வீட்டுப் பூனைதானே என்று விடாதீர்கள், அதைக் கடித்தது தெருநாயா என்று உங்களுக்குத் தெரியாது. பூனைப் பல் துளை ஆழமானது, கை வீங்கினால் அதற்கும் தனி மருந்து வேண்டும். பூனைக்குப் போட வேண்டிய தடுப்பூசியையும் டாக்டரிடம் கேளுங்கள்.

வீட்டிலுள்ள இன்னொரு பூனை இதைப் பார்த்துச் சீறுகிறது.

ஆஸ்பத்திரி வாசனைக்குச் சீறுகிறது. சில நாள் தனித்தனியாக வைத்து, படுக்கும் துணியை மாற்றி மாற்றிப் போடுங்கள்.

இவ்வளவு கஷ்டப்படுத்துவதற்கு ஊசி போட்டு அனுப்பிவிடலாமே என்கிறார்கள்.

எங்களிடமும் சொன்னார்கள், அன்பினால்தான் சொன்னார்கள். முதுகெலும்பு முறிந்து பின்கால்களில் உணர்வே இல்லை, மூளையில் அடிபட்டு நாளுக்கு நாள் மோசமாகிறது என்றால் அந்தப் பேச்சுக்கு இடம் உண்டு, அப்போது அதுவும் கருணைதான். ஆனால் முகத்தைப் பார்த்து மட்டும் முடிவெடுக்காதீர்கள். முகக் காயம் பார்க்கிறவருக்குத் தருகிற அதிர்ச்சி பெரிது, அது ஆறுகிற விதமும் அதே அளவுக்கு ஆச்சரியம். டாக்டரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: வலியை அடக்க முடியுமா, மூச்சு ஒழுங்காக இருக்கிறதா, சாப்பாடு உள்ளே போக வழி இருக்கிறதா. மூன்றுக்கும் ஆமாம் என்றால் அதற்கு நாள் கொடுங்கள். பணம் பிரச்சினையென்றால் அதையும் கூச்சப்படாமல் முதலிலேயே சொல்லிவிடுங்கள். எது இன்றே அவசியம், எது காத்திருக்கலாம் என்று டாக்டரே பிரித்துச் சொல்வார்.

மறுபடி மாடியில் விடலாமா?

கம்பி எடுத்து, டாக்டர் சரி என்று சொன்ன பிறகு விடலாம், பால்கனியில் வலை கட்டிய பிறகு. நாங்கள் காசிமேட்டில் நைலான் வலை வாங்கி, கைப்பிடிச் சுவரிலிருந்து மேல்தளம் வரை இழுத்துக் கட்டினோம். கடித்துப் பிய்க்கிற பூனையென்றால் கம்பி வலை போடுங்கள். செவலை கடிப்பதில்லை. காலையில் வலைக்குப் பின்னால் போய் உட்கார்ந்து, தலையைக் கொஞ்சம் வலப்பக்கம் திருப்பி, எதிர் மாடிக்காரர் வளர்க்கிற புறாக்களை ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருப்பான்.